யாரும் சாகாத புத்தகங்கள்

சிப்காட் பக்கத்துக் கிளை நூலகத்துக்குக் கூட்டம் வராமல் இல்லை. ஷிப்ட் முடிந்த பையன்கள் மின்விசிறிக்கு அடியில் பேப்பரை விரித்துக்கொண்டு தூங்க வருவார்கள். புத்தகம் கேட்டு வருகிறவள் சம்பூர்ணம் ஒருத்திதான். பழவேற்காட்டு ஏரியில் படகு கவிழ்ந்து புருஷன் போன பிறகு, மகள் வீட்டோடு வந்துவிட்டவள். "எனக்கு இன்னா தெரியும், நீயே பாத்துக் குடும்மா" என்று முதல் நாளே பாரத்தை நூலகர் வினோதாவின் தலையில் இறக்கிவிட்டாள்.

வினோதா அதைத் தட்டிக்கழிக்கிற ஆளில்லை. சம்பூர்ணத்துக்குக் கொடுக்கும் ஒவ்வொரு கதையையும் தன் வாடகை அறையில் முதலில் தான் படிப்பாள். யாராவது செத்தால் புத்தகம் அலமாரிக்கே திரும்பும். நடுவில் ஒரு பெரியவர் இருமினால் போதும், கடைசிப் பக்கத்தைப் புரட்டி மனுஷன் பிழைத்தாரா என்று பார்த்துவிடுவாள். பாவம், அந்த அம்மா பட்டது போதும் என்ற நினைப்பு.

மாறுதலில் தனியாக வந்தவளுக்கு இந்த ஊரில் பேச்சுத் துணையும் சம்பூர்ணம்தான். சனிக்கிழமை அவள் புத்தகம் மாற்ற வந்தால்தான் வினோதாவுக்கு வாயே திறக்கும்.

அந்தச் சனிக்கிழமை சம்பூர்ணம் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, உட்காராமல் நின்றாள். "என் பேர அட்ச்சிடும்மா. இனிமே வரல."

வினோதா எழுந்துவிட்டாள். "ஏங்கக்கா? புத்தகம் நல்லா இல்லையா?"

"நல்லாத்தான் கீது. அதுல எல்லாரும் நல்லா கீறாங்க. சண்ட போட்டுக்கினு சேந்துக்கிறாங்க, கல்யாணம் பண்ணிக்கிறாங்க. ஒருத்தன்கூட சாவ மாட்டேன்றான். படிச்சிட்டு மூடி வச்சா, ஒலகத்துலயே என் ஊட்ல மட்டுந்தான் சாவு வந்தா மாரி கீது. ஏற்கெனவே ஒண்டியா கீறேன். இத்தப் படிச்சா இன்னும் பேஜாரா பூடுது."

வினோதாவுக்குச் சுருக்கென்றது. பார்த்துப் பார்த்துக் கொடுத்த கையே அவளைத் தனியாகத் தள்ளியிருக்கிறது. "இருங்கக்கா, வேற தரேன்" என்று அலமாரிக்குப் போனவள், எதையும் எடுக்காமல் நின்றாள். சாவு வருகிற கதைகளில் எது ஆறுதல், எது வெறும் ஒப்பாரி என்று அவளுக்கு எப்படித் தெரியும்? சமீபத்தில் ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லையே.

"இன்னா, இல்லியா?"

"இருக்குக்கா. எனக்குத்தான் எது நல்லதுன்னு தெரியல. இதெல்லாம் பாதியிலயே மூடி வச்சிடுவேன். எங்க வீட்டுக்காரர் போனதுலேர்ந்து."

கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகவேண்டும். இந்த ஊரில் அவள் யாரிடமும் சொல்லாத சங்கதி அது. சொல்லி முடித்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. தூங்கிக்கொண்டிருந்த பையன்களில் ஒருவரும் நிமிரவில்லை.

சம்பூர்ணமே கிட்டே வந்து அலமாரியிலிருந்து ஒன்றை உருவினாள். "இதுல சாவு கீதா?"

வினோதா ஆமாம் என்று தலையாட்டினாள்.

"செரி. மொதல்ல நான் படிக்கிறேன். நீ தாங்குவியான்னு பாத்துக்கினு வந்து சொல்றேன்."

தேதி முத்திரையை எடுக்க வினோதாவுக்குக் கை எழவில்லை. சம்பூர்ணமே அதை எடுத்துக் கோணலாக ஒரு குத்துக் குத்திக்கொண்டு கிளம்பினாள்.