தொண்ணூற்றில் அறுபது போக

"இன்னொரு துண்டு ஊறுகா போடுக்கா" என்றான் மோசஸ்.

"கூரை வேலைக்குப் போற தொரைக்கு விருந்து கேக்குதா?" என்று விக்டோரியா ஜாடியை மூடிவிட்டாள். தம்பி சிரித்துக்கொண்டே கஞ்சியைக் குடித்துவிட்டு, அப்பாவோடு கவரைப்பேட்டையில் ரயிலேறினான். கும்மிடிப்பூண்டியில் புதுத் தொழிற்சாலைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை போடும் வேலை. பதினொரு மணிக்குத் தகடு உடைந்து அவனைக் கீழே விட்டது. அது 1972, ஜூன் மாதம்.

கல்லூரிப் புகுமுக வகுப்பான பி.யு.சி. தேறியிருந்தால் அவன் அந்தக் கூரையில் ஏறியிருக்கவே மாட்டான். தோற்றது பௌதிகச் செய்முறைத் தேர்வில்; கண்ணாடிப் பாளத்தில் ஒளி எவ்வளவு வளைகிறது என்று அளக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்குச் செங்குத்தாக ஒரு கோடு போட்டு, அதிலிருந்துதான் கோணத்தை அளக்க வேண்டும். மோசஸ் கண்ணாடியின் விளிம்பிலிருந்து அளந்துவிட்டான். லீவு நாளெல்லாம் அப்பாவோடு கூரை போட்டவன். கூரைக்காரர்கள் சாய்வை, கிடையாகக் கிடக்கும் உத்தரத்திலிருந்துதான் அளப்பார்கள். பதற்றத்தில் கை பழகிய இடத்துக்கே போய்விட்டது.

அடக்கம் முடிந்த எட்டாம் நாள் விக்டோரியா கல்லூரிக்குப் போய், தேர்வு நடத்திய விரிவுரையாளர் தணிகாசலத்தின் முன்னால் நின்றாள்.

"தம்பி போய்ட்டான் சார். அவன் தாளைப் பாக்கணும்."

"பாத்து இன்னா பண்ணப் போற? மார்க்கு போட்டா எழுந்து வந்துடுவானா?"

"வரமாட்டான். காட்டுங்க."

"பாத்தா புரியுமா உனக்கு?"

"கழித்தல் கணக்கு தெரியும்."

அலமாரியிலிருந்து தாளை எடுத்து மேஜைமேல் எறிந்தார். "முப்பதுக்கு அறுபதுன்னு எழுதி வெச்சிக்கிறான். கூரை போடறவன் ஊட்டுப் புள்ளைக்குப் பௌதிகம் இன்னாத்துக்கு?"

ஒளி போன வழியைக் குறிக்கக் குண்டூசி குத்திய துளைகள் நேர்வரிசையில் இருந்தன. ஓரத்தில் சிவப்பு மசியில் 90 − 60 = 30. அப்படியே ஒவ்வொரு அளவுக்கும் கழித்து, கடைசியில் 1.5 என்று வந்திருந்தது. கண்ணாடிக்கு வரவேண்டிய விடை அதுதான். அதற்குக் கீழே பெரிய சைபர்.

"இந்தச் செவப்பு எழுத்து யாருது?"

"என்னுது."

"நீங்களே கழிச்சிப் பாத்துக்கீறீங்க. விடை சரியா வந்துக்குது. அப்பால இன்னாத்துக்கு சார் சைபரு?"

தணிகாசலம் பேனா மூடியைத் திருகினார். "பரீட்சை அவனுக்கு. எனக்கு இல்ல."

"அவனைத்தான் மண்ணுல போட்டாச்சே."

"வெளிய போ."

"போமாட்டேன். ஆளைக் கூப்பிட்டு இழுத்துப் போடுங்க."

கூப்பிட்டார். வந்த ஊழியர் அவள் கையைப் பிடித்தார். "தொடாத" என்று உதறிவிட்டு, அவளே நடந்து வெளியே வந்தாள்.

தணிகாசலம் பெரிய பதவிக்குப் போய் ஓய்வும் பெற்றார். விக்டோரியா மனுமேல் மனு போட்டாள். செய்முறைத் தேர்வுக்கு மறுமதிப்பீடு கிடையாது என்று ஒரே ஒரு பதில் வந்தது. மதிப்பெண் பட்டியலில் மோசஸின் எண்ணுக்கு நேரே சைபர்தான்.