சிவக்காத நீர்

பிரசீதா சேச்சி ஆய்வகத்தில் தன் அலமாரியைக் காலி செய்துகொண்டிருந்தாள். இத்தனை வருட ஆராய்ச்சியும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் அடங்கிவிட்டது, பாவம். "உன் ஜெல் வேலை செய்யலை, விட்ரு பிரசீதா" என்று ஆராய்ச்சியை நடத்தும் அன்னக்குட்டி டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். உதவித்தொகையும் முடிந்துவிட்டது. இனி பாலா ஊரில் ஏதோ டியூஷன் சென்டர்தான்.

பக்கத்து மேசையில் பின்சி தலை நிமிரவில்லை. இருவரும் செய்தது ஒரே வேலை. தண்ணீரில் ஜவ்வரிசிபோல ஊறிப் பருக்கும் பாலிமர் ஜெல்லில் இரும்பு அயனியைப் பிணைத்து, உடம்பிலுள்ள நொதியைப்போல அது ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கிறதா என்று பார்ப்பது. சேச்சியின் ஜெல் சோம்பேறி. பின்சியுடையதைப் போட்டால் புசுபுசுவென்று குமிழி கிளம்பும். அதைக் கொண்டாடி டீச்சர் எல்லோருக்கும் பழம்பொரி, அதாவது நேந்திரம்பழ பஜ்ஜி, வாங்கித் தந்தார். இருப்பதில் பெரிய துண்டாகப் பார்த்துப் பின்சியின் கையில் வைத்தவள் சேச்சிதான்.

அந்தப் பழம்பொரி இன்னும் பின்சியின் நெஞ்சை அடைத்துக்கொண்டு நிற்கிறது. பிணையாத இரும்பெல்லாம் போகும்வரை ஜெல்லைக் கழுவ வேண்டும். கழுவிய நீரில் தயோசயனேட் ஒரு சொட்டு விட்டால் சிவக்கக் கூடாது; சிவந்தால் இரும்பு மிச்சமிருக்கிறது என்று அர்த்தம். மழை கொட்டிய அன்று, பஸ்ஸைப் பிடிக்கிற அவசரத்தில் அவள் பாதியில் நிறுத்திவிட்டாள். குமிழியைக் கிளப்பியது ஜெல் அல்ல, அதிலிருந்து கசிந்த வெறும் இரும்பு என்பது டீச்சர் கைதட்டும்போதே அவளுக்குப் புரிந்துவிட்டது. புரிந்தும் ஈயென்று இளித்துக்கொண்டு நின்றாள், வெட்கங்கெட்டவள்.

"போறப்ப ஒண்ணு கேக்கவா பின்சி? நீ எப்படிடீ கழுவுன?"

"எல்லாரையும் மாதிரிதான் சேச்சி."

"நான் துளி சிவப்பு இல்லாம போறவரைக்கும் விடாம கழுவுனேன். அதுலதான் கெடுத்துட்டேனோ? தட்டையே தேய்ச்சுத் தேய்ச்சு ஓட்ட போடுறவ நீன்னு எங்க வீட்டுக்காரர்கூட கிண்டல் பண்ணுவாரு." சேச்சி சிரிக்கப் பார்த்து, மூக்கை உறிஞ்சினாள்.

ஒழுங்காகச் செய்ததையே தப்பென்று நினைத்துக்கொண்டு போகிறாளே! பின்சி எழுந்தாள்.

"இன்னும் கிளம்பலியா?" என்று டீச்சர் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர், ஒரு நிமிஷம் இங்க வாங்க. சேச்சி, நீயும் பெட்டிய வச்சிட்டு வா."

"என்னடீ, என்ன காட்டப் போற?"

 பின்சி தன் ஜெல் ஊறிக்கிடந்த நீரை வெள்ளைப் பீங்கான் கிண்ணத்தில் ஊற்றி, தயோசயனேட் சொட்டுக்குழாயை அழுத்தினாள். ஒரே ஒரு சொட்டு. விழுந்த இடத்திலிருந்து விளிம்புவரை, கிண்ணத்து நீர் முழுக்கச் சிவந்தது.