அண்ணனுக்குக் கொடுக்க வந்த கிட்னி

அண்ணன் முனிராஜுக்கு இரண்டு கிட்னியும் போய்விட்டது. நான் ஒன்று தருகிறேன் என்று ஏரியூரிலிருந்து சேலத்துக்குக் கிளம்பி வந்தேன். புருஷன் போன பிறகு எனக்கு மகள் காவியாவும் அண்ணனும்தான். ஸ்கேன் பார்த்த டாக்டர், என் இடது கிட்னியில் புற்றுக்கட்டி இருக்கிறது என்றார்.

"பயப்படாதீங்கம்மா, ஆரம்பம்தான். வயித்தைக் கிழிக்க வேண்டாம். நாலு சின்ன ஓட்டை போட்டு, கேமரா விட்டு, கட்டியை மட்டும் எடுத்துடலாம். கிட்னி உங்களுக்கே இருக்கும்."

எனக்குப் போன உயிர் வந்தது. அண்ணனோ, "கட்டிய வெட்டிப் போட்டுட்டு மீதி கிட்னிய எனக்கு வெக்க முடியாதுங்களா?" என்றார். டாக்டர் முடியாது என்றார். "சரிங்க, அந்தப் பக்கத்துக் கிட்னி?" என்று அண்ணன் வேறு கேட்டார். புற்றுநோய் வந்தவரிடம் எதையும் எடுக்க மாட்டோம் என்று டாக்டர் சொன்னதும், அண்ணன் என் முகத்தைப் பார்ப்பதையே விட்டுவிட்டார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வயிற்றில் நாலு பிளாஸ்திரி. ஆபரேஷனுக்காக வயிற்றுக்குள் ஏற்றிய காற்றால் தோள்பட்டை கழன்றுவிடும் போல வலித்தது. மறுநாள் அண்ணன் வந்தார். வலிக்கிறதா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"மணி, காவியாவுக்கு என் ரத்த குரூப்புதான்."

"உங்க பையன் இருக்கானேண்ணா?"

"அவன் பெங்களூர்ல வேலைக்குப் போறவன். நாளைக்குப் பொண்ணு பாக்கணும்."

"எம்பொண்ணுக்கு மாப்பிள்ளை பாக்க வேண்டாமா?"

"பொட்டப்புள்ள, வூட்டுல இருக்கறவதானே. எம்மடியில உக்கார வெச்சுத்தானே காது குத்துனீங்க? தாய்மாமனுக்கு இல்லாத உரிமையா? மருமக கிட்னி குடுக்க கமிட்டியில கேட்டா பர்மிஷன் தருவாங்களாம், விசாரிச்சுட்டேன்."

அப்போது அண்ணியோடு காவியா உள்ளே வந்தாள். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என்னடி இது?"

"ரத்தம் குடுத்தேம்மா, டெஸ்ட்டுக்கு. நேத்தே ஒண்ணு எடுத்தாங்க, நீ ஆபரேஷன் தியேட்டர்ல இருந்தப்ப. அத்தைதான் கூட்டிட்டுப் போனாங்க."

அடப்பாவிகளா! நான் மயங்கிக் கிடந்த நேரம் பார்த்து என் பெண்ணைக் கூட்டிப்போய் ஊசி குத்தியிருக்கிறார்கள். கம்பியைப் பிடித்து எழுந்து உட்கார்ந்தேன். தையல் சுரீரென்று இழுத்தது.

"நீ செத்துப் போண்ணா," என்றேன்.

வார்டே திரும்பிப் பார்த்தது. அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு தேம்பினார்.

"நீ மட்டும் பொழைச்சுக்கிட்டேன்னு இப்படிப் பேசறியாம்மா?" என்றாள் காவியா. "அழாதீங்க மாமா, நான் இருக்கேன்" என்று அவர் கையைப் பிடித்து வெளியே அழைத்துப் போனாள்.