மூன்றாம் ஓலை

‘இறைப்பணிக்கென்றே தம்மை ஒப்புக்கொடுத்து, திருமண வாழ்வை வேண்டாமென்று விலக்கியவர்’ என்று எழுதி முடித்ததும் தனசிங்கின் பேனா நின்றது. வரி அவருடையதன்று, மனைவி புஷ்பம் சொல்லச் சொல்ல எழுதியது. அடக்க ஆராதனையில் வாசிக்கப்படும் வாழ்க்கைக் குறிப்பு. நான்கு மணிக்குள் குருவானவரிடம் சேர்ப்பித்தாக வேண்டும்.

கூடத்தில், ஐஸ் பாளங்களின்மேல் இட்ட பலகையில், தங்கை ரத்தினபாய் கிடந்தாள். ஐம்பத்திரண்டு வயது, குரோம்பேட்டைப் பெண்கள் பள்ளியொன்றில் இருபத்தொன்பது ஆண்டுகள் ஆசிரியை. காலையில் பள்ளிக்குப் புறப்படுகையில், பின்னலின் பாதியில் சரிந்துவிட்டாள். மீதியைப் புஷ்பம் பின்னி முடித்திருந்தாள்.

“ஏங்க நிறுத்திட்டீங்க? நல்லாத்தானே இருக்கு?” என்றாள் புஷ்பம்.

“நல்லாத்தான் இருக்கு.”

கோயில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் ஜீவரத்தினம் விவரம் குறித்துக்கொள்ள வந்து வாசலில் நின்றார். பெயர், வயது, தகப்பனார் பெயர் எல்லாம் சீட்டில் ஏறின.

“கல்யாணம் ஆவாதவங்கதானே, அடுத்த கட்டத்துல ‘ஸ்பின்ஸ்டர்’னு போட்டுறவா சார்?”

“அந்த வார்த்தை வேண்டாம்,” என்று புஷ்பம் குறுக்கிட்டாள். “ஸ்கூல்ல புதுசா வந்த பொண்ணுங்க அவங்க முதுகுக்குப் பின்னால அதைச் சொல்லித்தான் சிரிப்பாளுங்க. டீச்சர்னு போடுங்க.”

“அது தொழிலும்மா. அதுக்குத் தனிக் கட்டம் கீது. இதுல மூணுதான்: கட்டினவங்க, கட்டாதவங்க, புருசன் செத்தவங்க. வெறுமனே வுட்டா மேலேர்ந்து வர்றவன் என்னையில்ல புடிப்பான்?”

“சாயங்காலம் சொல்றேன், போங்க,” என்றார் தனசிங்.

அந்தச் சிரிப்பு ரத்தினபாய்க்குத் தெரியாமலில்லை. ஐந்தாண்டுகளுக்கு முன் அவளே சொன்னாள், அரிசி களைந்துகொண்டே: “வார்த்தையில தப்பில்லண்ணா. நம்ம சர்ச்சுல வாசிச்சதுதானே? அப்பல்லாம் கேட்க நல்லா இருந்துச்சு.” சொல்லிவிட்டுக் கழுநீரைக் கொட்டப் போய்விட்டாள். அவர் செய்தித்தாளின் அதே பத்தியை மூன்று முறை படித்தார்.

வாசித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில். திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறுகள் சபையில் மண அறிவிப்பான ஓலையை வாசிப்பது முறை. தாம்பரத்துக் கோயிலில் அன்று ஆங்கில ஆராதனை. அரக்கோணத்து ரயில்வே மாப்பிள்ளை ‘பேச்சிலர்’, இச்சபையைச் சேர்ந்த ரத்தினபாய் ‘ஸ்பின்ஸ்டர்’ என்று வெள்ளைக்காரக் குருவானவரான துரை கணீரென்று வாசித்தார். வெளியே வந்ததும் தோழிகள் அவளைச் சூழ்ந்துகொண்டார்கள். “ஏ ஸ்பின்ஸ்டரம்மா, இன்னும் ரெண்டே வாரம்தாண்டி உனக்கு இந்தப் பட்டம்!” தேர்வில் வென்றவளைப் போல அவள் அந்தச் சொல்லை வீடுவரை சுமந்து வந்தாள்.

தடை சொல்ல எவரேனும் உண்டோ என்று இரண்டு ஞாயிறும் கேட்கப்பட்டது. எவரும் எழவில்லை. மூன்றாம் ஞாயிற்றுக்கு முந்திய மாலை தனசிங் துரையின் வீட்டுக்குப் போனார். அம்மா பக்கவாதத்தில் கிடந்தார். படுக்கை மாற்றும் வேலை எங்கள் பெண்ணின் தலையில் விழக்கூடாது என்று அவருக்குப் பேசியிருந்த புஷ்பத்தின் வீட்டார் முன்னதாகவே சொல்லியிருந்தனர். ஆறு மாதம் தள்ளிவைக்கலாம் என்றார் தனசிங். தங்கையிடம் சொல்லிக்கொள்ளவில்லை. மறுநாள் அவள் புதுச் சேலையில் வந்து உட்கார்ந்திருந்தாள். வேறு இருவரின் ஓலை வாசிக்கப்பட்டது.

வாசித்த ஓலைக்கு ஆயுள் மூன்று மாதம். அரக்கோணத்தார் அதற்குள் வேறிடம் பார்த்துக்கொண்டார்கள். அம்மா பதினோராண்டுகள் இருந்தார்.

தனசிங் அளவுகோலை வைத்து அந்த வரியை அடித்தார்.

“என்னங்க இது?”

“அவ வேண்டாம்னு சொல்லல, புஷ்பம். மூணாவது ஓலையை நிறுத்தினது நான்.”

“மாப்பிள்ளை வீட்ல மனசு மாறிட்டாங்கன்னு சொன்னீங்களே?”

“அப்படித்தான் சொன்னேன்.”

புஷ்பம் விரல்விட்டு எண்ணினாள். “நமக்கு நிச்சயம் பண்ணினது அந்த வருஷம்தானே?”

அவர் தலையசைத்தார். புஷ்பம் எழுந்து கூடத்துக்குப் போய், ரத்தினபாயின் காலருகே உட்கார்ந்து, உருகி ஓடிய நீரைத் துணியால் ஒற்றிப் பிழியத் தொடங்கினாள்.

அடித்த வரிக்கு மேல் தனசிங் இரண்டு வாக்கியங்கள் எழுதினார்.

கோயிலில் இளம் குருவானவர் குறிப்பை முன்கூட்டிப் படித்துப் பார்த்திருக்கவில்லை. பிறப்பையும் படிப்பையும் பணியையும் சீராக வாசித்து வந்தவர், ‘ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில் இவருக்கு இரண்டு ஓலைகள் வாசிக்கப்பட்டன. மூன்றாவதை இவருடைய அண்ணன்…’ என்ற இடத்தில் நிமிர்ந்து முன்வரிசையைப் பார்த்தார். தனசிங் பார்வையைத் தாழ்த்தவில்லை. “…நிறுத்தினான்,” என்று குருவானவர் வாசித்து முடித்தார். பள்ளியிலிருந்து வந்திருந்த இளம் ஆசிரியைகளில் ஒருத்தி கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டாள்.

மண் தள்ளி முடிந்ததும் கூட்டம் கலைந்தது. வழக்கமாகக் கைகொடுத்துவிட்டுப் போகிறவர்கள் அன்று தலையை மட்டும் அசைத்துவிட்டுப் போனார்கள். புஷ்பம் அந்த ஆசிரியைகளோடு முன்னே நடந்தாள்.

கோயிலின் பக்க அறையில் ஜீவரத்தினம் பதிவேட்டை விரித்து வைத்திருந்தார்.

“இன்னா சார் போடட்டும்?”

“ஸ்பின்ஸ்டர்னே எழுதுங்க. கொட்டை எழுத்துல.”

ஜீவரத்தினம் எழுத்தெழுத்தாக எழுதினார். அருகில் தனசிங் கையொப்பமிட்டார்.

“மை ஒத்துற தாள் தீந்துட்ச்சி சார். மூடிறாதீங்க, அப்பிக்கும். நான் போய் கேட்டப் பூட்டிகினு வந்துர்றேன்.”

ஜன்னல் வழியே காற்று வந்து தாளை எழுப்பியது. தனசிங் அதன் ஓரத்தில் உள்ளங்கையை ஊன்றி, எழுத்தில் படாமல், நின்றுகொண்டிருந்தார்.