இடது உதட்டோரம்

வண்டி வருவதற்குள் ஓர் அழுத்து. அது போதும்.

சிற்பக்காரி கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்தாள். எதிரே, களிமண்ணில் அப்பாவின் தலை. இடது உதட்டோரம் லேசாகக் கீழே இறங்கியிருந்தது. அதை மேலே தள்ளிவிட்டால் தீர்ந்தது விஷயம். ஈ காக்காய்க்குத் தெரியாது.

அடுத்த அறையில் நிஜ அப்பா, வெள்ளைத் துணிக்குள்.

நேற்றுக் காலை அவள் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். "மூக்கைக் கொஞ்சம் சின்னதாப் பண்ணேன், யாரு கேக்கப் போறா?" என்று வம்பளந்துகொண்டு. திடீரென்று பேச்சு நின்றது. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. நிமிர்ந்து பார்த்தாள். வாய்க்கோடு மண்ணில் இருந்தபடி இல்லை. முந்தின நாள் தப்பாகப் பார்த்துவிட்டோம் என்று நினைத்து மண்ணைத் திருத்தினாள். உதட்டோரத்தை இறக்கினாள். இமையையும். பிரமாதமாக வந்தது.

"கை... மரத்து..." என்றார்.

"அசையாதீங்கப்பா! இப்பத்தான் பிடிபடுது."

அவர் அசையவில்லை. நாற்காலியோடு சரிகிற வரைக்கும்.

"இங்க என்னடி பண்றே?"

அண்ணன். பின்னாலேயே அத்தை. நனைந்த விரலை முந்தானைக்குள் மறைத்தாள்.

"அப்படியே என் தம்பி!" அத்தை மண்ணை நெருங்கினாள். "வாய் மட்டும் ஏன் கோணிக்கிட்டு?"

"நக்கல் பண்றப்ப அப்படித்தானே அத்தை வெச்சுக்குவார்?" அண்ணன் அழுகையோடு சிரித்தான். "இப்படியே இருக்கட்டும். இதுல ஒண்ணு எங்க வீட்டுக்கும் வார்த்துக் குடு."

தப்பித்தாள். விரலுக்குக்கூட வேலையில்லை.

அத்தை மூக்கைச் சிந்திக்கொண்டே வெளியே போனாள். அண்ணன் தங்கையின் தோளில் கை போட்டான்.

"நல்லவேளை, பொசுக்குனு போயிட்டார். முன்னாடியே ஏதாவது தெரிஞ்சிருந்தா, ஐயோ விட்டுட்டோமேன்னு ஆயுசுக்கும் அரிச்சிருக்கும்."

அவள் விரல் ஈரத்தை முந்தானையில் துடைத்தாள். பிறகு, "முந்தாநேத்து வாய் நேராத்தான் இருந்துச்சுண்ணா."

"என்னது?"

"நேத்துக் காலையில இறங்குச்சு. நான் பாத்தேன். பாத்துட்டு... மண்ணைத் திருத்தினேன்."

அண்ணன் மண்ணைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். தோளிலிருந்து கை எப்போது போனது என்று தெரியவில்லை.

வெளியே ஹாரன். அவன் நடந்தான். வாசலில், திரும்பாமலே சொன்னான்:

"தலைப் பக்கம் நீ பிடி."

அப்பாவின் பிடரிக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்தாள். சுற்றிச் சுற்றி வந்து, காதுமடல் வரைக்கும் அளந்த தலை. இவ்வளவு கனக்கும் என்று தெரியாது.

"இன்னும் கொஞ்சம் தூக்கு" என்றான் அண்ணன்.