சின்ன எழுத்துக் கம்பெனி

ஆங்கிலப் பத்திரிகையில் பிழை திருத்துவது என் பிழைப்பு. அலுவலகத்தில் எனக்குக் ‘காற்புள்ளி’ என்று பட்டப்பெயர். பெயர் என்றால் முதல் எழுத்து பெரிய எழுத்தாக இருக்க வேண்டும் என்பது என் சட்டம். அழகுக்காகச் சின்ன எழுத்தில் தொடங்கும் கம்பெனிப் பெயர்களை எல்லாம் பதினெட்டு வருஷமாக நான்தான் மாற்றி அனுப்புகிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் கொழுப்பும் உண்டு, ஒத்துக்கொள்கிறேன்.

அக்காவின் கணவர், என் அத்தான், செத்தது அப்படி ஒரு கம்பெனியின் கிடங்கில். பெட்டிகள் ஏற்றிய இரும்பு ரேக் சாய்ந்து அவர்மேல் விழுந்தது. அவருடைய கவனக்குறைவு என்று சொல்லிக் கம்பெனி கையைக் கழுவியது. ஆனால் ரேக்கின் கால் வளைந்திருக்கிறது என்று அவர் மூன்று தடவை எழுதிக் கொடுத்திருந்தார். கூட வேலை பார்த்தவர் அந்தத் தாள்களின் நகலை அக்காவிடம் ரகசியமாகக் கொடுத்தார். எங்கள் நிருபர் இரண்டு பகுதியாக எழுதினார். முதலில் விபத்து, அடுத்த வாரம் அந்தத் தாள்கள்.

முதல் பகுதி என் மேஜைக்கு வந்தது. கம்பெனிப் பெயரைச் சின்ன எழுத்தில் போட்டு, ‘இப்படியே விடவும்’ என்று குறிப்பு வேறு எழுதியிருந்தார் நிருபர். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆளைக் கொன்றவனுக்கு அலங்காரம் ஒரு கேடா? ஏழு இடத்திலும் பெரிய எழுத்தாக்கினேன்.

செய்தி வந்த அன்று மதியமே ஆசிரியர் கூப்பிட்டார். மேஜையில் கம்பெனி வக்கீலின் கடிதம். செய்தியில் ஒரு வரியைக்கூட மறுக்கவில்லை. பதிவு செய்த பெயரைச் சிதைத்தோம், சிதைத்தவர் இறந்தவரின் மச்சான் (எப்படியோ விசாரித்திருக்கிறார்கள்), அவ்வளவுதான் புகார். அத்தானின் மூன்று கடிதத்துக்கும் வராத பதில் இதற்கு அரை நாளில் வந்திருந்தது.

“சொந்தக்காரர் செய்தின்னு வேற ஆள்கிட்ட குடுத்திருக்கலாமே. விடச் சொல்லியும் ஏன் மாத்துனீங்க?”

“எல்லாருக்கும் அதே விதிதான் சார்.”

“எனக்குத் தெரியும். கோர்ட்ல யாரு நம்புவா? வஞ்சம் தீர்த்துட்டீங்கன்னுதான் சொல்வாங்க. திருத்தம் போட்டுருவோம்.”

“ரெண்டாவது பகுதி?”

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். திருத்தம் போட்ட விஷயத்தை நாங்கள் மறுபடி தொடுவதில்லை. எங்கள் அலுவலக வழக்கம் அது. இரண்டாவது பகுதி இனி வராது. சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொண்டிருந்தேன். திருத்தத்தையும் நானே எழுதினேன். முதல் எழுத்து சின்ன எழுத்தாக இருந்திருக்க வேண்டும், வருந்துகிறோம்.

சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் அந்தத் தாள்களைச் சுருக்கம் நீக்கி பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருந்தாள். நான் செய்ததை ஒளிக்காமல் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

“நீ வேணும்னா பண்ணுன? விடு,” என்றாள். அதற்குப் பதில் ஓங்கி ஓர் அறை கொடுத்திருக்கலாம்.

உறையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். உள் அறையில் அவள் மகள் பாடம் படிக்கும் சத்தம் கேட்டது.

“இவ தினமும் கேக்குறாடா, அப்பா கவனமில்லாமதான் செத்தாரான்னு. பேப்பர்ல வரும், அப்போ எல்லாருக்கும் தெரியும்னு சொல்லி வச்சிருக்கேன்,” என்றாள் அக்கா. “இனிமே ஆமான்னே சொல்லிரட்டுமா?”