வீட்டு அடுப்பா, தொழில் அடுப்பா

கொதிநீரிலிருந்து தூக்கிய பட்டுநூலில் மயில்கழுத்து நிறம் சரியாக ஏறியிருக்கிறதா என்று ஜெயவேல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோதுதான் நகராட்சியிலிருந்து ஒருவர் வந்து நின்றார். வயதில் சின்னவர். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தயங்கினார். வீட்டின் பின்பக்கம் தகரக் கூரை போட்ட அறை அது. நடுவில் அடுப்பு, அதன்மேல் செம்பு அண்டா, சுவரோரம் சவுக்கு விறகு. ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர்கள் பலர் கேஸுக்கு மாறிவிட்டார்கள். ஜெயவேலின் கைக்கு விறகின் சூடுதான் பிடிபட்டிருந்தது.

"புகை அதிகமா கீதுன்னு புகார் வந்திருக்குதுங்க."

"யாருங்க குடுத்தது?"

"அத சொல்லக்கூடாதுங்க."

அவர் குனிந்து அடுப்பைப் பார்த்தார், நிமிர்ந்து கூரையைப் பார்த்தார். அடுப்புக்குப் பக்கத்தில் விறகை அடுக்கக் கூடாது என்றார். ஈர விறகு ஆகாது, புகைக்குழாய் கூரையைத் தாண்டி உயரப் போகவேண்டும், காற்று வர வழி இருக்கவேண்டும் என்றார். எல்லாம் ஜெயவேலுக்குப் புரிந்தது. அடுத்து அவர் கேட்டதுதான் புரியவில்லை.

"இது வீட்டு அடுப்பா, தொழில் அடுப்பா?"

காலையில் குளிக்க வெந்நீர் காய்வது இதில்தான். பண்டிகைக்குச் சோறு வடிப்பதும் இதில்தான். மற்ற நேரமெல்லாம் நூல் வேகிறது.

"ரெண்டும்தாங்க," என்றான்.

"ரெண்டுன்னு எழுத முடியாதுங்களே. வீட்டுக்குன்னா ஒரு மாதிரி. தொழிலுக்குன்னா அனுமதி எல்லாம் வேற."

"அப்போ குளிச்சி முடிக்கற வரைக்கும் வீட்டு அடுப்பு, அப்பறம் தொழில் அடுப்புன்னு எழுதிக்கோங்களேன்."

ஜெயவேல் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. ஆனால் அவர் சிரித்துவிட்டார். போனில் படம் எடுத்துக்கொண்டு, அடுத்த வாரம் வந்து பார்ப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார். ஜெயவேலின் மனைவி ரேணுகாதேவி வாசல்வரை போய் அவருக்கு மோர் கொடுத்து அனுப்பினாள்.

யார் புகார் கொடுத்திருப்பார்கள் என்று ஜெயவேல் அதிகம் யோசிக்கவில்லை. அடுத்த வீட்டுப் பச்சையப்பன்தான். அவனுடைய மனைவி செல்லம்மாள், துவைத்துப் போட்ட துணியில் கரி படிகிறது என்று போன மாதம்தான் சொல்லியிருந்தாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். இப்போது அந்தச் சிரிப்பே வேறு மாதிரி தெரிந்தது. பச்சையப்பன் வீட்டில் தறி ஓடத் தொடங்கிய நாள்முதல் அவனுக்குச் சாயம் போட்டுக் கொடுப்பவன் ஜெயவேல். ஒரு வார்த்தை நேரில் சொல்லியிருக்கலாமே என்று திரும்பத் திரும்ப நினைத்தான். அன்று மாலையே சாய அறையில் அவர்கள் வீட்டைப் பார்த்திருந்த ஜன்னலில் ஒரு தகரத்தை வைத்து ஆணி அடித்தான். இனிமேல் ஒரு துளிப் புகை அந்தப் பக்கம் போகாது.

"காத்து வரணும்னு சொன்னாரே அவரு," என்றாள் ரேணுகா.

"புகை போகக்கூடாதுன்னும்தான் சொன்னாரு."

அவள் ஈர விறகைத் தனியாக எடுத்து வைக்கப் போனாள்.

விறகு அடுப்புக்குச் சட்டம் என்ன என்று விசாரிக்க விசாரிக்கக் குழப்பம் கூடியது. சேத்துப்பட்டில் இருந்த மச்சான், விறகையே தடை செய்துவிட்டார்கள் என்றான். விறகுக்கடைக்காரர், அதெல்லாம் டயரும் பிளாஸ்டிக்கும் எரிப்பவர்களுக்கு என்றார். சந்தவாசலிலிருந்து வந்த வெல்டிங்காரர், குழாயை உயர்த்தினால் எந்தச் சட்டமும் ஒன்றும் செய்யாது என்று சொல்லி உயர்த்தியும் கொடுத்தார். புதுக் குழாய் பளபளவென்று நின்றது. ஆனால் அறைக்குள் புகை முன்னைவிட மண்டியது. காற்று நுழைய வழியில்லாமல் நெருப்பு மூச்சுத் திணறியது. ஒருநாள் காலை வெந்நீருக்கு நெருப்பு மூட்டிய ரேணுகா, தலை சுற்றுகிறது என்று படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். பித்தமாக இருக்கும் என்று நினைத்து ஜெயவேல் எலுமிச்சம்பழம் பிழிந்து கொடுத்தான்.

அதற்கு மறுநாள்தான் பச்சையப்பன் நூலோடு வந்தான். மகள் கல்யாணப் புடவைக்கான நூல். மணப்பெண்ணுக்குத் தானே நெய்வதென்று ஆசையாக இருந்தான்.

"அரக்கு நிறம் ஜெயவேலு. உன் கைலதான் அது நிக்கும்."

"வேற எங்கியாச்சும் குடுத்துக்கோ."

பச்சையப்பன் அவன் முகத்தைப் பார்த்தான். "இன்னாடா ஆச்சி? ஜன்னல வேற அடைச்சி வெச்சிகினு கீற. ஊட்டுல எல்லாரும் கேக்கறாங்க."

"தெரியாத மாதிரி பேசாத. புகார் குடுக்கறது, அப்பறம் நூலையும் தூக்கினு வர்றது."

"எவன் குடுத்தான்?"

"நீதான்."

பச்சையப்பன் நூல் மூட்டையைக் கீழே வைத்தான். "எம் பொண்ணு மேல சத்தியமா…" என்று தொடங்கியவன், கல்யாணப் பெண்ணின் பேரில் சத்தியம் செய்யக் கூடாது என்று தோன்றியோ என்னவோ பாதியில் நிறுத்தினான். ஜெயவேலுக்கு அந்த நிறுத்தமே போதுமானதாக இருந்தது. "பாத்தியா, வாயே வரல," என்று கத்தினான்.

ரேணுகா கதவருகே வந்து நின்றாள்.

"அவர ஒண்ணும் சொல்லாதீங்க. நான்தான் போன் பண்ணேன்."

பச்சையப்பன் மூட்டையை எடுப்பதா விடுவதா என்று தெரியாமல் அப்படியே விட்டுவிட்டு மெதுவாகத் திரும்பிப் போனான்.

"நம்ம ஊட்டு மேல நீயே குடுத்தியா?" ஜெயவேலின் குரல் அவனுக்கே கேட்கவில்லை. "எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னேனே."

"எப்போ?"

"எத்தினியோ வாட்டி. கண்ணு எரியுதுன்னேன். படுத்தா நெஞ்சுல இறுக்கமா கீதுன்னேன். காத்து திரும்பினா சரியாயிடும்னீங்க." அவள் முந்தானையை விரலில் சுற்றினாள். "அடுப்ப நிறுத்த சொல்லலீங்க. யாராவது வெளி ஆளு வந்து சொன்னா கேப்பீங்கன்னு நெனச்சேன். அவர் மேல சந்தேகப்படுவீங்கன்னு நெனைக்கல. சொல்லிடலாம் சொல்லிடலாம்னு இருந்தேன்."

அவள் சொன்னவற்றை ஜெயவேல் நினைவில் தேடினான். கண் எரிகிறது என்று அவள் சொன்னது ஞாபகம் வந்தது. மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வார்களே, அப்படித்தான் அது அவன் காதில் விழுந்திருந்தது. அது ஒரு முறையீடு என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. கோபப்பட வேண்டியது அவனா, அவளா என்றும் தெரியவில்லை. நகராட்சிக்காரர் போனை எடுத்துக் கேட்டிருக்கிறார். பக்கத்திலேயே இருந்த தனக்கு எப்படிக் கேட்காமல் போயிற்று?

மறுநாள் விடிந்ததும் ஜன்னலில் அடித்த தகரத்தைப் பிடுங்கிவிட்டுப் பச்சையப்பன் வீட்டுக்குப் போனான். என்ன பேசுவது என்று முடிவு செய்யாமலே போனான்.

"நூலு எங்கிட்டயே இருக்கட்டும்," என்பது மட்டும்தான் வாயில் வந்தது.

பச்சையப்பன் தலையாட்டினான். "மேல வா," என்று அவனை மாடிக்குக் கூட்டிப்போனான்.

இத்தனை வருஷத்தில் ஜெயவேல் தன் வீட்டை மேலிருந்து பார்த்ததில்லை. ரேணுகா அடுப்பு மூட்டியிருந்தாள். புதுக் குழாயிலிருந்து மெலிதாகத்தான் புகை எழுந்தது. மிச்சமெல்லாம் திறந்துவிட்ட ஜன்னலிலிருந்தும், தகரங்கள் சேரும் இடுக்குகளிலிருந்தும், ஆணி ஓட்டைகளிலிருந்தும், கூரை முழுவதிலிருந்தும் கசிந்துகொண்டிருந்தது. பின்கதவு திறந்தது. ரேணுகா வெளியே வந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வாயால் மூச்சு வாங்கினாள். முகத்தைத் துடைத்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வந்தாள், மூச்சு வாங்கினாள், போனாள்.

அவளைக் கூப்பிட ஜெயவேல் கைப்பிடிச் சுவரில் குனிந்தான். காற்று அந்த நேரம் பார்த்துத் திரும்பி, புகை மாடிக்கு ஏறி வந்தது. அவனுக்குக் கண் எரிந்தது. கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தவளை அவனால் பார்க்க முடியவில்லை.